கார்ப்புவின் வீட்டுப் புத்தகங்கள்



காளஹஸ்தியில் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டைக் காலி செய்யும்போது எந்தப் பொருள் எந்த வரிசையில் வெளியேறும் என்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். முதலில் பீரோவும் பாத்திரங்களும் லாரியில் ஏறும். அடுத்துக் கட்டில், மெத்தை. தையல் இயந்திரத்தை யாராவது ஒரு சகோதரி கேட்டு வாங்கிக்கொள்வார். கடைசியாக, வெற்று அறையின் மூலையில் ஒரு தகரப்பெட்டியோ அரிசிச் சாக்கோ மிஞ்சி நிற்கும். அதற்குள் புத்தகங்கள். பழைய பேப்பர்க்காரர் தள்ளுவண்டியோடு வாசலில் காத்திருப்பார். செய்தித்தாளுக்கு ஒரு விலை, புத்தகத்துக்கு அதைவிடக் குறைந்த விலை. கெட்டி அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுத்தான் தராசில் வைப்பார். இரண்டு தலைமுறை கண்விழித்துப் படித்த வேத வியாக்கியானம் எட்டுக் கிலோ இருந்தால், ஒருவருக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் காணும்.

இவ்வூரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். சுவர்ணமுகி ஆற்றங்கரையில், கூடூர் - ரேணிகுண்டா ரயில் பாதையில் அமைந்த ஊர் இது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் புதிதாக உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. துணியில் எழுதுகோலால் சித்திரம் எழுதும் கலம்காரிக் கலையால் பெயர் பெற்றது. படத்தின் கீழே கதையையும் தெலுங்கில் எழுதிவைப்பது எங்கள் ஊர்க் கலைஞரின் வழக்கம். தமிழர் இங்கே வந்தேறிகளா, பூர்வ குடிகளா என்று கேட்டால் இரண்டும் உண்டு. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானது. 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. கோடு நகர்ந்ததால் தமிழராயிருந்தும் ஆந்திரரானவர்கள் பலர். ரயில்வே உத்தியோகம், வியாபாரம், இரும்புக் குழாய்த் தொழிற்சாலை என்று பிழைப்புக்கு வந்தவர்கள் வேறு. 2008-இல் தடா அருகே ஸ்ரீசிட்டி தொழில் நகரம் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டு வாலிபர்கள் கூட்டங்கூட்டமாக வந்து, அறைக்கு ஆறு பேராகத் தங்கி வேலை செய்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் தகப்பனார் தமிழ் வேதாகமம் வாசிப்பார். பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் படிப்பார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிற வாலிபர் என் சபையின் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வாலிபருடைய தகப்பனாரின் அலமாரி நாளைக்கு என்னவாகும்? பெங்களூரிலும் மும்பையிலும் செகந்திராபாத்திலும் இதை வாசிக்கிற பெற்றோரே, உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

எங்கள் சபையின் மூத்த விசுவாசி ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்து சில வாரங்களுக்குப் பின், வீட்டைக் காலி செய்யப் பெங்களூரிலிருந்து வந்த அவருடைய மகன் என்னைத் தேடி வந்தார். "பாஸ்டர் ஐயா, அப்பாவின் புத்தகங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. என் பிள்ளைகளுக்குப் பேசவும் வராது. பேப்பர்க்காரருக்குப் போட மனம் ஒப்பவில்லை. சபைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

சபைக்கு எடுத்துக்கொண்டு என்ன செய்வது? சபையில் ஏற்கெனவே ஒரு அலமாரி உண்டு. அதைத் திறப்பவர் நான் ஒருவனே. ஆகவே அவரிடம் வேறொன்றைச் சொன்னேன்: மற்ற வீடுகளிலும் கேட்டுப் பழைய புத்தகங்களைச் சேர்ப்போம், கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை விற்போம், வருகிற பணத்தை வேலூர் நிதிக்குக் கொடுப்போம்.

வேலூர் நிதி என்பது பெரிய அறக்கட்டளை ஏதுமன்று. எங்கள் சபையில் உள்ள ஒரு தகர உண்டியல். இப்பக்கத்து எளிய ஜனங்களுக்குப் பெரிய வியாதி வந்தால் திருப்பதிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சிகிச்சைச் செலவு ஒருபுறமிருக்க, காட்பாடிக்கு ரயில் கட்டணம், அங்கிருந்து ஆட்டோ, துணைக்கு வருகிறவருக்குச் சாப்பாடு, இரவு தங்க ஒரு அறை என்று கையில் இருப்பது கரைந்துவிடும். இரண்டாம் முறை வரச்சொன்ன தேதிக்குப் பணமில்லாமல் போகாதிருந்தவர்களை நான் அறிவேன். அந்த இரண்டாம் பயணத்துக்கு உதவுவதே உண்டியலின் வேலை. எந்த மதத்தார் என்று கேட்பதில்லை.

மூப்பர்கள் கூடியபோது எதிர்ப்பு வந்தது. வரவேண்டிய எதிர்ப்புத்தான். ஒரு மூப்பர் கணக்கு நன்றாகத் தெரிந்தவர். "ஐயா, எடைக்குப் போட்டால் ஒரே நாளில் காசு. பத்து நாள் பிரித்து, அடுக்கி, விலை எழுதி, வெயிலில் உட்கார்ந்து விற்று அதைவிட எவ்வளவு அதிகம் வந்துவிடும்?" என்று கேட்டார். இன்னொருவரின் கேள்வி கனமானது. ஆலயத்தில் ஆடுமாடும் புறாவும் விற்றவர்களை நம் ஆண்டவர் சாட்டை பின்னித் துரத்தினாரே, சபை வளாகத்தில் நாம் கடை விரிக்கலாமா என்றார்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் எழுந்ததன்று. பழைய புத்தகம் விற்றுத் தர்மம் செய்ததில் உலகறிந்த ஒரு சபை ஸ்காட்லாந்து தேசத்தில், எடின்பரோ நகரின் ஜார்ஜ் வீதியில் இருக்கிறது. புனித அந்திரேயா - புனித ஜார்ஜ் ஆலயம் என்று அதற்கு முன்பு பெயர் இருந்தது. அந்த ஆலயத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1843 மே மாதத்தில் ஸ்காட்லாந்து சபையின் பொதுப் பேரவை அங்கே கூடியிருந்தபோதுதான், சபைக்காரியங்களில் அரசு அதிகாரம் தலையிடுவதை ஏற்க மறுத்த ஊழியர்கள் எழுந்து ஊர்வலமாக வெளியேறி, சுதந்திர சபையை நிறுவினார்கள். சென்னையில் 1837-இல் பள்ளி தொடங்கியிருந்த ஜான் ஆண்டர்சன் வெளியேறியவர்கள் பக்கம் சேர்ந்தார். அந்தப் பள்ளியே பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

மனச்சாட்சிக்காக ஒரு பெருங்கூட்டம் வெளிநடந்த அதே ஆலயத்துக்குள், 1970-களின் தொடக்கத்தில் மேரி டேவிட்சன் என்ற அம்மையார் பழைய புத்தக விற்பனையைத் தொடங்கினார். ஐரோப்பாவில் யுத்தத்தால் வீடிழந்தவர்களுக்காக 1945-இல் பிரிட்டிஷ் சபைகள் தொடங்கிய பணி 'கிறிஸ்தவ உதவி' என்ற ஸ்தாபனமாக வளர்ந்தது. அதற்காக 1957 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு வாரம் நிதி திரட்டுகிறார்கள். அந்த வாரத்தையொட்டி ஜார்ஜ் வீதி ஆலயத்தின் உள்ளும் வெளியே நடைபாதையிலும் மேசை போட்டுப் புத்தகங்களைப் பரப்பினார்கள். பல பத்தாண்டுகள் இப்படி விற்றதில் சேர்ந்த தொகை இருபது லட்சம் பவுண்டுக்கு மேல். எல்லாம் யாரோ படித்து முடித்த புத்தகங்கள்!

அங்கே பணம் சேர்ந்த விதத்தை மூப்பர்களுக்கு விளக்கினேன். சரக்கு இலவசம், ஏனெனில் ஜனங்கள் கொடையாகக் கொடுக்கிறார்கள். கூலி இல்லை, ஏனெனில் விசுவாசிகளே வேலை செய்கிறார்கள். இடவாடகை இல்லை. ஆகவே விற்கிற விலை முழுவதும் தர்மத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் ஒரு பொருள் மட்டும் இலவசமாகக் கிடைக்காது, அது அறிவு. எந்தப் புத்தகம் பத்து ரூபாய்க்கு, எது ஐந்நூறுக்கு என்று தெரிந்த கண் வேண்டும். எடின்பரோவில் அரிய நூல்களைப் பிரித்தெடுத்துத் தனியே விலையிடத் தெரிந்தவர்கள் உடனிருந்தார்கள். மூட்டையோடு விற்றால் பேப்பர்க்காரருடைய தராசுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை.

இங்கிலாந்தில் ஆக்ஸ்பாம் ஸ்தாபனமும் இதே வழியில் நடந்தது. 1942-இல், கிரேக்க தேசம் ஜெர்மானியர் வசம் சிக்கிப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது, ஆக்ஸ்போர்டு நகரின் புனித மரியாள் ஆலயத்தில் கூடியவர்கள் தொடங்கிய உதவிக் குழு அது. யுத்தத்துக்குப் பின் பிராட் வீதியில் ஒரு சிறு கடை திறந்து, கொடையாக வந்த பொருள்களை விற்றார்கள். 1949-இல் முதன்முதலாகச் சம்பளத்துக்கு அமர்ந்த ஜோ மிட்டி என்பவர், எதைக் கொடுத்தாலும் வாங்கி எதையும் விற்கலாம் என்று காட்டினார். புத்தகங்களுக்கென்றே தனிக்கடை 1987-இல் அதே நகரில் திறக்கப்பட்டது. பசித்தவனுக்குப் பழைய புத்தகத்தை அனுப்ப முடியாது, ஆனால் அதை விற்ற காசை அனுப்பலாம்.

ஆலயத்தில் வியாபாரம் என்ற கேள்விக்கு வருகிறேன். புறா விற்றவர்கள் தூரதேசத்திலிருந்து ஆராதிக்க வந்தவனுடைய அவசியத்தைத் தங்கள் லாபத்துக்குப் பயன்படுத்தினார்கள். இங்கே லாபம் யாருக்கும் இல்லை. இதை எடுத்துச் சொன்னேன். ஆயினும் அந்த மூப்பருடைய மனச்சாட்சி எனக்கு முக்கியம். ஆகவே ஆராதனை மண்டபத்தில் ஒரு புத்தகமும் வைக்கவில்லை. ஒட்டியுள்ள தகரக் கொட்டகையில் வைத்தோம், ஓய்வுநாளில் விற்கவுமில்லை. அவர் திருப்தியடைந்து கல்லாப்பெட்டியையே பொறுப்பேற்றார்.

"ஏழைகளுக்கு இலவசமாகவே கொடுத்துவிடலாமே?" என்று சகோதரிகள் சிலர் கேட்டார்கள். நல்ல மனதுடன் கேட்ட கேள்வி. 1804-இல் இலண்டனில் தொடங்கிய வேதாகமச் சங்கம் ஊர்ஊராக நடந்து புத்தகம் சுமந்த ஊழியர்களைக் கொண்டு வேதாகமத்தையே, அடக்க விலைக்கும் குறைவாக என்றாலும், விலைக்கு விற்றது. காசு கொடுத்து வாங்கியவன் அதைக் கிழித்துப் பொட்டலம் கட்டமாட்டான் என்பது ஒரு காரணம். என் மனதில் உள்ள காரணம் வேறு. பத்து ரூபாய் கொடுக்கிறவன் புரட்டிப் பார்க்கலாம், வேண்டாம் என்று வைத்துவிடலாம், பேரமும் பேசலாம். இலவசமாக வாங்குகிறவனுக்கு இவற்றில் ஒன்றும் கூடாது. கொடுத்ததை வாங்கி நன்றி சொல்லிப் போகவேண்டும்.

புத்தகங்கள் வரத்தொடங்கின. மற்ற சபையாரும் கொண்டுவந்தார்கள். இப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனெரிமார் ஊழியம் செய்தார்கள். அதன் கனியாகிய தெற்கு ஆந்திர லுத்தரன் சபை திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டது. அச்சபையின் குடும்பங்களிலிருந்து தெலுங்கு நூல்கள் வந்தன. பள்ளிப்பிள்ளைகள் இஞ்சினியரிங் நுழைவுத் தேர்வு கைடுகளைக் கட்டாகக் கொடுத்தார்கள். ஏறக்குறைய தொள்ளாயிரம் சேர்ந்தது.

பிரிக்கிற வேலை ஒரு வாரம் நடந்தது. ஒரே விதி வைத்தேன்: எந்தப் புத்தகமும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பார்க்காமல் மேசைக்குப் போகக்கூடாது. இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லுகிறேன், பழைய புத்தகம் கொடுக்குமுன் உதறிப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தவை: திருமணப் புகைப்படங்கள் இரண்டு, ஒரு வீட்டு வரி ரசீது, காய்ந்த வேப்பிலை, செல்லாத ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று, கணவன் குவைத்திலிருந்து எழுதிய கடிதம். கடிதத்தைப் படிக்காமல் உரியவரிடம் சேர்த்தோம்.

ரயில்வே மூப்பருடைய வேதாகமமும் அந்தப் பெட்டியில் இருந்தது. 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் திருத்தி வெளியிட்டதும், நாம் இன்றும் வாசிப்பதுமான அதே மொழிபெயர்ப்பு. பைண்டிங் விட்டுப்போய், ரயில்வே பச்சைத் துணியால் மறுபடி தைத்திருந்தார். முதல் வெற்றுப் பக்கத்தில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் எல்லாம் நீல மையில் வரிசையாக எழுதியிருந்தது. அவருடைய மகன் அன்று உதவிக்கு வந்திருந்தார். அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன எழுதியிருக்கிறது, ஐயா?" என்றார்.

வாசித்தேன். அவர் பிறந்த தேதியும் நேரமும் இருந்தன. அன்றிரவு ஆற்றில் வெள்ளம் வந்ததால் மருத்துவச்சியை அழைத்துவர அக்கரைக்குப் போக முடியாமல், ரயில் பாலத்தின் மேல் நடந்துபோனதாகவும் ஒரு வரி இருந்தது. நாற்பது வயதைக் கடந்த மனிதர், அதுவரை அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டதே இல்லையாம். "தகப்பனார் சொல்லவில்லையா?" என்றேன். "அப்பா அதிகம் பேசமாட்டார்" என்றார். பின்பு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, நான் மெதுவாக வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு வரியையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரமாயிற்று. ஓரக்குறிப்புகள் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை இருந்தன. அவற்றுக்கு அவருக்கு விடுமுறை போதவில்லை. அந்த வேதாகமம் விற்பனைக்குப் போகவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

வேறொரு சிக்கலும் பிரிக்கும்போதே எழுந்தது. ஒரு வீட்டிலிருந்து வந்த மூட்டையில் தேவாரத் தொகுதி ஒன்றும், ஜாதகம் கணிக்கும் தெலுங்கு நூல்கள் சிலவும் கிடந்தன. ராகு கேது பூஜைக்குத் தேசமெங்குமிருந்து ஜனங்கள் வருகிற ஊர் இது. இவை வராவிட்டால்தான் ஆச்சரியம். எங்கள் வாலிபர் ஒருவர் அப்போஸ்தலர் நடபடிகளை நினைவுகூர்ந்து, எபேசு பட்டணத்தார் செய்ததுபோலக் கொளுத்திவிடலாம் என்றார். வைராக்கியம் நல்லதே. ஆனால் அந்த அதிகாரத்தைக் கவனித்துப் படிக்கவேண்டும். எபேசியர் தங்கள் சொந்தப் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. அந்த நஷ்டத்தையும் தாங்களே ஏற்றார்கள். அயலானுடைய புத்தகத்தை எரிக்க ஒருவருக்கும் அங்கே அனுமதி கொடுக்கப்படவில்லை. ஜாதக நூல்களை நாம் விற்றுக் காசாக்குவதும் முறையன்று. ஆகவே கொடுத்த வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்து, அவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டோம். தேவாரத்தை எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அந்த நூலில் இவ்வூரைப் பற்றியும் பாடல்கள் உண்டு என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். அவர் சும்மா வாங்கிக்கொள்ள மறுத்து, ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டி, "வேலூர் நிதிக்குத்தானே ஐயா? வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சனிக்கிழமை காலையில் முதல் ஆளாய்க் கொட்டகைக்கு வந்தவரும் அவரே. மாலைவரை இருந்து, எது நல்ல பதிப்பு, எது பிழை மலிந்த பதிப்பு என்று எங்கள் வாலிபருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

விற்பனை நாளில் கைடுகள் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தன. அடுத்துக் குழந்தைகளுக்கான ஆங்கிலக் கதைப்புத்தகங்கள், பின்பு தெலுங்கு நூல்கள். தமிழ் மேசை அப்படியே கிடந்தது. பிற்பகல் மூன்று மணி வெயிலில் அந்த மேசையைப் பார்க்கவே எனக்கு வருத்தமாயிருந்தது. எங்கள் சபையாரிலேயே ஐம்பது வயதுக்குட்பட்டவர்கள் அதன் பக்கம் வந்து, அட்டையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

ஐந்து மணிக்குமேல் ஸ்ரீசிட்டியில் வேலை செய்யும் வாலிபர்கள் ஒரு வேனில் வந்தார்கள். எங்கள் சபைக்கு வரும் ஒரு சகோதரன் சொல்லி அழைத்துவந்த அவனுடைய அறைத் தோழர்கள். தர்மபுரி, திருவண்ணாமலை, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலோர் நம் சபையாருமல்லர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் பின் கைபேசியைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அவர்கள் தமிழ் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். சரித்திர நாவல்கள், சிறுகதைகள், மிஷனெரி வரலாறுகள், வீட்டு வைத்தியம், தையல் கற்கும் புத்தகம்கூடப் போயிற்று. அது ஊரிலுள்ள தங்கைக்காம். ஒருவன் ஒரு புத்தகத்தை முகர்ந்து பார்த்து, "எங்க ஊர் நூலகத்து வாசனை" என்று தன் தோழனிடம் சொன்னான்.

தமிழ் - ஆங்கில அகராதி ஒன்று தனியே எடுத்துவைத்திருந்தோம். பப்ரிஷியுஸ் ஐயர் 1779-இல் வெளியிட்ட அகராதியை அடிப்படையாகக் கொண்டு தரங்கம்பாடியில் 1972-இல் அச்சிட்ட நான்காம் பதிப்பு. தமிழாசிரியர் சொற்படி நானூறு ரூபாய் எழுதியிருந்தோம். மெக்கானிக்காக வேலை செய்யும் பையன் ஒருவன் அதை மூன்றுமுறை எடுத்து மூன்றுமுறை வைத்தான். நம் மூப்பர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "தம்பி, இன்று நூறு கொடு, மீதியைச் சம்பளத் தேதியில் கொடு" என்றார். சபைக்கணக்கில் அவர் எனக்குக்கூட ஒரு ரூபாய் கடன் தந்ததில்லை. மீதி முந்நூறு அடுத்த மாதம் ஏழாம் தேதி ஒழுங்காய் வந்து சேர்ந்தது.

அந்த நாளில் விற்றவை அறுநூறுக்கு மேல். கிடைத்தது 16,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். தொள்ளாயிரத்தையும் எடைக்குப் போட்டிருந்தால் மூவாயிரம் கிடைத்திருக்கும் என்று கணக்கறிந்த மூப்பர் அன்றிரவே ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அந்தப் பணத்தில் நான்கு குடும்பங்கள் வேலூருக்கு இரண்டாம் பயணம் போய்வந்தன. அவர்களில் ஒரு தாயார் தன் மகளுடைய கண் சிகிச்சைக்காக இன்னும் போய்வருகிறார்.

இருநூற்றுச் சொச்சம் மீந்தது. அதில் பெரும்பகுதி தமிழ் வேத ஆராய்ச்சி நூல்கள். இவற்றை வாங்கும் ஊழியர்கள் எங்கே என்று எண்ணும்போது என் மாணவப் பருவம் நினைவுக்கு வருகிறது. சென்னை சென்ட்ரல் அருகே 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீ விபத்தில் அழிந்தபின், பழைய புத்தகக் கடைகள் பக்கத்திலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் சனிக்கிழமைதோறும் அங்கே போவோம். கிரேக்க இலக்கணமும் சபைச் சரித்திரமும் அங்கே வாங்கியவைதான். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முன்பக்கத்தில் ஒரு போதகருடைய பெயர் இருக்கும். ஒரு போதகர் மரித்தால் சபை வீட்டைக் காலி செய்யவேண்டும். விதவையான அம்மா புத்தகங்களை எங்கே கொண்டுபோவார்? எங்கள் கல்வி அவ்விதமாக அந்த அம்மாமார்களிடமிருந்து வந்தது.

இது இன்று நேற்று நடப்பதுமன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்றுக்கொள்ள ஓலைச்சுவடிகளைத் தேடியபோது, தம்முடைய ஆட்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோனவர்களின் மனைவிமாரிடமிருந்து குறைந்த விலைக்குச் சுவடிகளை வாங்கினார். 1708-இல் அவர் எழுதிய அட்டவணையில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் உள்ளன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தபோது, அதன் நடைக்குப் பின்னால் அந்தப் பழைய சுவடிகளும் இருந்தன. அவற்றை விற்ற பெண்களின் பெயர்களை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

மீந்தவற்றை என்ன செய்யலாம் என்று யோசித்தபோது தமிழாசிரியர்தான் சிறைச்சாலையைச் சொன்னார். 2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தமிழ்நாடு சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் ஒரு அரங்கு அமைத்து, கைதிகளுக்காகப் பொதுமக்களிடம் புத்தகங்களைக் கொடையாகப் பெற்றது. அவர் அதைக் கேட்டவுடன் என் மனதில் வந்தவர் பவுல் அப்போஸ்தலர். ரோமாபுரிச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். தோற்சுருள்களைத் தனியாகக் குறிப்பிட்டும் கேட்டார். குளிருக்கு அங்கி வேண்டும், அது விளங்குகிறது. வாழ்நாளே முடியப்போகிறவருக்குப் புத்தகம் எதற்கு என்று வேதாகமக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு கேள்வி கொடுத்தார்கள். அப்போது பக்கம் பக்கமாக எழுதினேன்.

கார்ப்புவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஒருவரும் எழுதுவதில்லை. எவ்வளவு காலம் வைத்திருந்தாரோ, அவற்றை அவர் வாசித்தாரோ இல்லையோ தெரியாது. பேப்பர்க்காரருக்குப் போடாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பொதுவான நூல்களை இரண்டு பெட்டிகளில் கட்டி, சென்னைக்குப் போகும் ஒரு சகோதரனுடைய வண்டியில், சிறை ஊழியம் செய்கிறவர்கள் மூலமாக அனுப்பிவிட்டோம். வேத ஆராய்ச்சி நூல்கள் என் அறையில் இருக்கின்றன. ஊழியத்துக்கு ஆயத்தப்படும் தமிழ் மாணவர் யாரேனும் வந்தால் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், விலை இருபது ரூபாய். ரயில்வே மூப்பர் வைத்திருந்த ஐந்து தொகுதி வியாக்கியானத்தில் மூன்றாம் தொகுதி மட்டும் இல்லை. யாருக்கோ இரவல் கொடுத்ததாக இரண்டாம் தொகுதியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். பெயர் அழிந்துவிட்டது, 'நெல்லூர்' என்பது மட்டும் தெரிகிறது. பச்சைத் துணி பைண்டிங். உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் தெரிவியுங்கள், தபால் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.